‘எழுத்தே இல்லை’ என்பவரையும் பேச விடுங்கள்

இன்னும் படிக்கப்படாத சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த பரிசைக் கேட்டு வரும் விளக்கங்களைப் படித்துத் தீர்மானிக்கப்போகும் அறிஞர்களுக்கும், அந்த எழுத்தைப் பற்றி ஊர் ஊராகக் கூட்டம் நடத்தும் வரலாற்று ஆர்வலர்களுக்கும்,

வணக்கம்.

நான் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை வரலாற்றுக் கூட்டம் நடக்கிறது. நாற்காலி போடுவது, பேச்சாளரைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வருவது, கூட்டத்தை நெறிப்படுத்துவது எல்லாம் என் பொறுப்பு. சில மாதங்களுக்கு முன்பு சிந்துவெளி எழுத்தைப் பற்றிப் பேச ஒருவர் வந்திருந்தார். நல்ல பேச்சு. முத்திரையில் இருக்கும் மீன் குறியைத் திரையில் காட்டி, நம் மொழியில் மீன் என்றால் வானத்து மீனும்தான் என்று அவர் விளக்கியபோது அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுந்தார். “ஐயா, இது ஒரு மொழியை எழுதிய எழுத்துதான் என்று நமக்கு எப்படித் தெரியும்? வெறும் அடையாளக் குறிகளாக இருக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

அவரை முடிக்க விடவில்லை. “யாரு சொல்லிக் கொடுத்து அனுப்பினாங்க?” என்று ஒரு குரல். “நீயெல்லாம் தமிழச்சியா?” என்று இன்னொன்று. பேச்சாளர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மைக் என் கையில்தான் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று பேசாமல் இருந்ததற்காகத்தான் இன்று எழுதுகிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிந்துவெளி நகரங்களில் பேசப்பட்டது ஒரு திராவிட மொழி என்றுதான் நான் நினைக்கிறேன். பலூசிஸ்தானத்தில் இன்றைக்கும் பிராகுயி என்ற திராவிட மொழியைப் பேசுகிறார்கள். மீன் குறிக்கு ஹெராஸ் பாதிரியார் தொடங்கிவைத்து ஃபின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா வளர்த்தெடுத்த விளக்கத்தைப் படிக்கும்போது இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. மீனுக்குப் பக்கத்தில் ஆறு கோடு இருந்தால் அறுமீன், அதாவது கார்த்திகை; ஏழு கோடு இருந்தால் எழுமீன், அதாவது சப்தரிஷி மண்டலம். இரண்டு சொல்லும் சங்கப் பாட்டில் இருக்கின்றன. இது உண்மையாக இருக்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. அப்படி அடித்துக்கொள்ளும்போதுதான் பயமாகவும் இருக்கிறது.

ஏன் பயம் என்று சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் உப்புப் பகுப்பாய்வு உண்டு. கொடுத்த உப்பு என்னவென்று மாணவன் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து மேசையில் காதில் விழுந்ததை வைத்துச் சிலர் உப்பின் பெயரை முதலிலேயே முடிவுசெய்துகொள்வார்கள். அதற்கப்புறம் சோதனைக்குழாயில் வராத வெண்ணிற வீழ்படிவும் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். பொய் சொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில்லை. உண்மையாகவே தெரியும். பல வருடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

சிந்துவெளியில் நமக்குக் கிடைத்திருப்பதோ மிகக் குறைவு. எழுத்துள்ள பொருள்கள் சில ஆயிரம். ஒவ்வொன்றிலும் சராசரியாக ஐந்தே குறிகள். ஒரே செய்தியை நமக்குத் தெரிந்த எழுத்திலும் சேர்த்துச் சொல்லும் இருமொழிக் கல்வெட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மொத்தம் எத்தனை குறிகள் என்பதிலேயே ஒற்றுமை இல்லை. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 417 என்றார். 600-ஐத் தாண்டி எண்ணுகிறவர்களும் உண்டு. ஐந்து குறியை வைத்துக்கொண்டு யார் எந்த மொழியில் வேண்டுமானாலும் ஏதாவது படித்துவிடலாம், படித்தும் இருக்கிறார்கள். தமிழாகப் படித்தவர்கள் உண்டு, சமஸ்கிருதமாகப் படித்தவர்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டு வாக்கில், சிந்துவெளி வேத நாகரிகம்தான் என்று காட்ட, உடைந்த ஒரு முத்திரையின் படத்தை வைத்து அதில் குதிரை இருப்பதாகக் காட்டினார்கள். முழுமையான முத்திரைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அது ஒற்றைக்கொம்பு விலங்கு என்று தெரிந்தது. எதிர்த்தரப்பை மரியாதையாக நடத்துவது என்றால் சான்றில் விட்டுக்கொடுப்பது என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். இரண்டு படத்தை அருகருகே வைத்தது போதுமானதாக இருந்தது. யாருடைய சாதியையும் ஊரையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மாணவி கேட்டது ஒன்றும் புதிதல்ல. 2004-இல் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்சல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதையேதான் வாதிட்டார்கள்: இவை மொழியை எழுதிய எழுத்தல்ல, கடவுள், குலம், பதவி போன்றவற்றைக் காட்டும் அடையாளங்களாக இருக்கலாம் என்று. நீளமான வாசகம் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கட்டுரையின் தொனி எனக்குப் பிடிக்காது. எதிர்த்தரப்பில் உழைத்தவர்களை மட்டம் தட்டும் தொனி அது. பதிலுக்கு வந்தவற்றிலும் சூடு குறையவில்லை. ஆனால் அந்தச் சண்டையிலிருந்து ஒரு நல்ல வேலையும் பிறந்தது.

2009-இல் ராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மயங்க் வாகியா, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ரணஜய் அதிகாரி, மகாதேவன் உள்ளிட்ட குழு ஒன்று கணக்குப் போட்டுப் பார்த்தது. தமிழில் ‘ங்’ என்று எழுதினால் அடுத்து வருவது ககர வரிசை எழுத்துதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். ‘க’ என்று எழுதினால் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு குறிக்கு அடுத்த குறியை எந்த அளவுக்கு ஊகிக்க முடியும் என்பதை இப்படி அளக்கலாம். சங்கத் தமிழ், ரிக்வேதம், சுமேரியம், ஆங்கிலம் ஆகியவற்றை ஒரு பக்கமும், டி.என்.ஏ, புரதம், ஒரு கணினி மொழி ஆகியவற்றை இன்னொரு பக்கமும் வைத்து அளந்தார்கள். சிந்துவெளிக் குறிகள் மனித மொழிகளின் பக்கத்தில் வந்து நின்றன. நாம் அன்றைக்குக் கொண்டாடினோம். ஸ்ப்ரோட் விடவில்லை. மொழியல்லாத குறிமுறைகளும் இதே இடத்தில் வந்து நிற்க முடியும், ஒப்பிட எடுத்தவை சரியில்லை என்று எழுதினார். அந்த ஆட்சேபணை நியாயமானது என்றுதான் எனக்குப் படுகிறது. என் நம்பிக்கைக்கு அது இடைஞ்சல், ஆனாலும் நியாயமானது. அந்த மாணவியை அன்று பேச விட்டிருந்தால் இந்த இருபது வருட விவாதம் முழுவதையும் எங்கள் ஊர் கேட்டிருக்கும்.

மகாதேவன் ஐயாவைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. திராவிடக் கருதுகோளை அவரளவுக்கு வாழ்நாள் முழுவதும் சுமந்தவர்கள் குறைவு. எழுத்தே இல்லை என்ற வாதத்துக்கு அவர் கடுமையாகப் பதில் எழுதினார். ஆனால் 1977-இல் அவர் வெளியிட்ட தொடரடைவைப் பாருங்கள். எந்தக் குறி எங்கே, எதற்குப் பக்கத்தில், எத்தனை முறை வருகிறது என்பதுதான் அதில் இருக்கிறது. தன் வாசிப்பை அதற்குள் அவர் திணிக்கவில்லை. அதனால்தான் 2009-இல் மொழி என்று கணக்குக் காட்டியவர்களும், 2004-இல் மொழி இல்லை என்று மறுத்தவர்களும் அவருடைய எண்களையே எடுத்தாண்டார்கள். எதிராளியும் நம்பி எடுத்துக்கொள்ளும்படி ஒரு வேலையைச் செய்துவைப்பது எவ்வளவு பெரிய காரியம்! இந்த எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை என்பதையும் அவர் மறைத்ததில்லை.

இன்னொருவர் மைக்கேல் வென்ட்ரிஸ். தொழிலால் கட்டடக் கலைஞர். கிரேக்கத்தில் கிடைத்த களிமண் பலகைகளில், அப்போது யாராலும் படிக்க முடியாத லீனியர் பி என்ற பழைய எழுத்தில் இருப்பது, பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கன் மொழிக்கு உறவானது என்று பல வருடம் நம்பியவர். நம்பியபடியே தன் வேலைக் குறிப்புகளை மற்ற அறிஞர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தார். 1952-இல் அவர் போட்ட கட்டங்களிலிருந்து கிரேக்கச் சொற்கள் எழுந்து வந்தன. அவர் எதிர்பார்த்தது அதுவல்ல. கடைசிக் குறிப்பில்கூட, இது விளையாட்டான ஒரு திசைதிருப்பல் என்ற அளவில்தான் தயங்கித் தயங்கி எழுதினார். அடுத்த வருடம் ப்ளேகன் என்ற அகழாய்வாளர், வென்ட்ரிஸ் பார்த்தேயிராத ஒரு பைலோஸ் பலகையில் அவர் சொன்ன ஒலிகளை வைத்துப் பார்த்தார். முக்காலிப் பாத்திரத்தின் படத்துக்குப் பக்கத்தில், கிரேக்கத்தில் முக்காலியைக் குறிக்கும் ‘திரிபோதே’ என்ற சொல் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் இதை உறுதிச் சோதனை என்போம்.

அறிஞர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இதை ஒட்டியதுதான். 2025 ஜனவரி 5-ஆம் தேதி, சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் என்று அப்போது தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அறிவித்தபோது, ஓர் அரசு இதற்குப் பணம் ஒதுக்குகிறதே என்று மகிழ்ந்தேன். இனி வரும் ஒவ்வொரு விளக்கத்தையும், அதை எழுதியவர் பயன்படுத்தாத முத்திரைகளில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். எது கிடைத்தால் ஏற்போம், எது கிடைத்தால் மறுப்போம் என்பதை விளக்கங்கள் வருவதற்கு முன்பே வெளியில் சொல்லுங்கள். “இது மொழி இல்லை” என்று ஒருவர் திடமாக நிறுவினால் அதையும் விடையாக ஏற்பீர்களா என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. மறுத்து எழுதுகிறவர்களில் ஒருவரையாவது உங்கள் மேசையில் உட்கார வையுங்கள். தமிழ் என்று வந்தால் தளர்த்தி, சமஸ்கிருதம் என்று வந்தால் இறுக்கிப் பார்த்தார்கள் என்ற பேச்சுக்கு இடமே வைக்காதீர்கள்.

கூட்டம் நடத்தும் நண்பர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. பேச்சாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தனக்கு எதிரான வாதத்தை, எதிராளி கேட்டால் “ஆமாம், நான் சொல்வது இதுதான்” என்று ஒத்துக்கொள்ளும்படி அவர் சொல்லட்டும். கேள்வி கேட்பவரின் ஊர், சாதி, கட்சி, அவரை யார் அனுப்பினார்கள் என்ற பேச்சு எழுந்தால் உடனே மைக்கில் நிறுத்துங்கள். கூட்டம் குறையுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. குறைந்தால் குறையட்டும்.

அந்த மாணவி எந்தக் கல்லூரி என்று விசாரித்து, அவருடைய பேராசிரியர் மூலம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் நாற்பது நிமிடம் அவருக்கு. ‘சிந்துவெளிக் குறிகள் எழுத்துதானா?’ என்பது தலைப்பு. அன்றைக்குப் பேசிய பேச்சாளரும் வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன் என்றார். அந்தப் பெண்ணிடமிருந்துதான் இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால், அவர் கேட்ட கேள்வியை நானே மேடையில் ஏறிக் கேட்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்