அம்மாவைப் பேசவிட்ட மிஸ்ஸிக்கு

அன்புள்ள மிஸ்ஸி,

தாதியர் எல்லோரும் எங்கள் வீட்டில் மிஸ்ஸிதான், பழைய பழக்கம். போன மாதம் பாலிகிளினிக்கில் உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"ராத்திரி ஊசி எங்க போடுறீங்கம்மா?" என்று கேட்டீர்கள். வழக்கம்போல நான் பதில் சொன்னேன். "அம்மாவே சொல்லட்டுமே" என்றீர்கள். அம்மாவுக்கு இனிப்பு நீர் வந்த நாளிலிருந்து நான்தான் அவர் வாய். 2016-இல் சிங்கப்பூர் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தபோது வீட்டில் அரிசியை மாற்றியதும் நான்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் ஊசிப் பேனாவை அவரிடம் கொடுத்து, வீட்டில் போடுவதுபோலவே காட்டச் சொன்னீர்கள். தொப்புளுக்கு வலப்பக்கம் வைத்தார். அவர் விரலையே பிடித்து அந்த இடத்தில் அழுத்தினீர்கள்.

"கொட்டைப்பாக்கு மாதிரி இருக்கே!"

ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு கட்டியாகிவிட்டது, அங்கே போடும் இன்சுலின் சரியாக உடம்பில் சேராது என்றீர்கள். நானோ இரண்டு வருடமாக அவருடைய தே-ஓவை, அந்தப் பால் இல்லாத இனிப்புத் தேநீரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஊசி முனையை நான்கு நாள் வைத்துக்கொள்வதையும் உங்களிடம்தான் சொன்னார். "காசுல்ல?" என்னிடம் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், அது அவருக்குத் தெரியும்.

வயிற்றை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பக்கம் போடலாம் என்றீர்கள். எப்படி நினைவு வைப்பது என்பதை மட்டும் அவரிடமே விட்டீர்கள். இப்போது எங்கள் தினசரிக் காலண்டரில் திங்கட்கிழமைத் தாளில் ஒரு கட்டம், அதன் ஒரு மூலையில் கோலப்புள்ளி மாதிரி ஒரு புள்ளி.

கட்டி இல்லாத இடத்தில் மருந்து நன்றாக ஏறும், சர்க்கரை சட்டென்று இறங்கலாம் என்று டாக்டர் அளவைக் குறைத்தார். இறங்கினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அம்மா வாயால் மில்லிமோல் கணக்கில் திருப்பிச் சொல்லவும் வைத்தீர்கள்: "சர்க்கரை 4-க்குக் கீழ போனா மூணு டீஸ்பூன் சீனி தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாக்கணும்."

பத்து நாள் கழித்து, காலையில் அடுப்படியில் சீனி டப்பா திறந்து கிடந்தது. திட்ட வாயெடுத்தேன். பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு, அம்மா கையெழுத்து: 3.6, கீழே 5.2. என்னை எழுப்பவே இல்லை.

அடுத்த மாதம் உங்களைப் பார்க்க வருகிறோம். நான் வெளியே உட்கார்ந்தால் போதுமாம்.

அன்புடன்,
அந்த வாயாடி மகள்