தட்டணு குறைந்தால் எல்லாம் டெங்கு அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மழைக்காலம் வந்தால் எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்லோர் கண்ணும் முதலில் போவது, ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கைக்குத்தான். சென்ற ஐப்பசியில் என் மகளுக்குக் காய்ச்சலே இல்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே கடுகு தூவியதுபோல் சிவப்புப் புள்ளிகள். பல் துலக்கினால் ரத்தம். எண்ணிக்கை 18,000. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். டெங்குதான் என்று தெருவே சொன்னது. பப்பாளி இலைச்சாறு வீடு தேடி வந்தது.

டெங்கு இல்லை. உடலே தன் தட்டணுக்களுக்கு எதிராக எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டாக்கி அழிக்கும் ஐ.டி.பி. நோய். 1950-இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படிப்பட்ட நோயாளியின் ரத்தத்தைத் தம் உடம்பில் ஏற்றிக்கொள்ள, சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்களும் அடியோடு சரிந்தனவாம்.

நானோ பதறிப்போய், மருத்துவர் எழுதாமலே ஒரு தனியார் ஆய்வகத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை எடுத்தேன். 'நெகட்டிவ்' என்று வந்ததும், மகளுக்கு மருத்துவர் கொடுத்திருந்த மாத்திரையை நிறுத்த இருந்தேன். நல்லவேளை, மருத்துவரிடம் கேட்டேன். நோய் உள்ள பலருக்கும் இப்பரிசோதனை நெகட்டிவ் காட்டுமாம். மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் ஐ.டி.பி. என்று முடிவு செய்வார்களாம். சிலருக்கு, ரத்தம் சேகரிக்கும் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளால் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து தெரிவதும் உண்டு. கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

'நெகட்டிவ் என்றாலும் நோய் இருக்கலாம், மருத்துவரைக் கேளுங்கள்' என்று ஆய்வகங்கள் முடிவுச் சீட்டில் தமிழில் ஒரு வரி அச்சிட வேண்டும். சுகாதாரத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
அம்பாசமுத்திரம்.