அந்த அறையைத் திறந்து மெத்தையைத் தாருங்கள்

எங்கள் கடலோரத்தின் விளையாட்டுப் பயிற்சிகளுக்குப் பொறுப்பு வகிக்கும் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். மல்யுத்த மெத்தை தொடர்பாக நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றும் தங்கள் அலுவலக முத்திரை பெற்றவை. ஆகவே தங்கள் பொறுப்பில் பூட்டிக் கிடக்கும் அறை எது, அதற்குள் மெத்தை எவ்வளவு காலமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மறுபடி விவரிக்கத் தேவையில்லை. இம்முறை ஊரறிய எழுதுவதற்குக் காரணம், சென்ற மாதம் என்னிடம் பயிலும் 17 வயதுப் பையனின் காறை எலும்பு முறிந்ததுதான்.

பாம்பன் கரையில், படகுகளை ஏற்றி வைக்கும் மணலில்தான் எங்கள் பயிற்சி நடக்கிறது. குத்துச்சண்டைக்கு மணல் பெரிய தடையில்லை. காலுக்கு வலுச் சேர்க்கும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. போட்டிக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்குக் குத்து மட்டும் போதாது. நிமிர்ந்து நின்று குத்துபவனின் கால்களை எதிராளி தாழப் பாய்ந்து பற்றிவிட்டால், அவன் கற்ற குத்தெல்லாம் அந்த நொடியில் பயனற்றுப் போகும். அப்படிப் பாயவும், பாய்பவனை இடுப்பைப் பின்னுக்கு இழுத்து அவன் முதுகின்மேல் பாரத்தை இறக்கித் தடுக்கவும், தடுக்க முடியாதபோது தாடையை நெஞ்சோடு ஒட்டிக் கையை ஊன்றாமல் விழவும் பழக வேண்டும். நூறு முறை விழுந்து எழுந்தால்தான் உடல் பயத்தை விடும்.

மணலில் முழங்கால் ஊன்றிப் பாய்ந்தால் கால் புதைகிறது. தோல் உரிந்த இடத்தில் உப்பு ஏறிப் புண்ணாகிறது. தார்ப்பாய் விரித்தோம், அது சுருண்டு காலை வாரியது. அதனடியில் பழைய வலைகளை மடித்துப் போட்டோம். மடிப்பு விலகிய ஓரிடத்தில், மணலுக்குள் புதைந்திருந்த நங்கூரக் கல்லின்மேல் அந்தப் பையன் தோள் மோத விழுந்தான். அவனைத் தூக்கிப் போட்டவன் அவனுடைய சித்தப்பா மகன்; அன்று முதல் அவனும் பயிற்சிக்கு வருவதில்லை. "கடலுக்குப் போனால் ஆபத்தென்றுதானே அண்ணே உங்களிடம் விட்டேன்" என்று மருத்துவமனை வாசலில் பையனின் தகப்பனார் கேட்டபோது, என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் தங்களிடம் இருக்கிறது என்று நம்பித்தான் எழுதுகிறேன்: அறையைத் திறந்து மெத்தையைத் தாருங்கள்.

விரிக்க இடமில்லை என்று சொல்லப்பட்டது. போட்டி மெத்தை பக்கத்துக்கு 12 மீட்டர் என்பதும், நடுவிலுள்ள வட்டம் 9 மீட்டர் குறுக்களவு என்பதும் நான் அறிந்தவையே. ஆனால் அது துண்டுகளாக இணைப்பது. கால்வாசித் துண்டுகளைக் கொடுத்தால் ஊர்க் கூடத்தில் விரித்துக்கொள்வோம். போட்டி வரும்போது கழுவித் துடைத்துத் திருப்பித் தருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான், விசைப்படகு வேலைக்குப் போகும் என் மாணவர்கள் அசதியில்லாமல் பயிற்சிக்கு வருகிறார்கள். மற்ற மாதங்களில், இரவெல்லாம் வலை இழுத்த கைகளை உயர்த்திப் பிடிக்கவே அவர்களால் முடிவதில்லை. இரண்டு தடைக்காலங்கள் அந்தப் பூட்டைப் பார்த்தபடியே கழிந்துவிட்டன.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமன் செராவத் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்றபோது, இங்குள்ள பிள்ளைகளும் அப்படி வரவேண்டும் என்று எங்கள் பகுதி மேடைகளில் பேசியவர்கள் உண்டு. அதே ஆண்டில், எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் உலக அமைப்பான யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண்ணான பூஜா தோமரின் சண்டையை என் மாணவிகள் இருவர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். உடம்பெல்லாம் மணலோடு தெருவழியே வீடு திரும்பக் கூசி, மல்யுத்தப் பயிற்சியை மட்டும் அவர்கள் தவிர்த்துவிடுகிறார்கள். மேடையில் பேசிய எவரும் அவர்களுக்குத் தரை எங்கே என்று கேட்டதில்லை. வாங்கிய பொருளை உப்புக் காற்றில் வீணாக விடுவதற்குக் கணக்கு எழுத முடிகிறபோது, அதைப் பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு மட்டும் ஏன் முடியவில்லை?

சொல்லில் கடுமை ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். மெத்தையைத் தாருங்கள், இயன்றால் வாரம் இரு நாள் மல்யுத்தப் பயிற்சியாளர் ஒருவரையும் அனுப்பி உதவுங்கள். பையனின் கைக்கட்டு அடுத்த மாதம் அவிழ்கிறது. மீண்டும் வருவேன் என்கிறான். அவன் வரும் நாளுக்குள் செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குத்துச்சண்டைப் பயிற்சியாளர் ஒருவர்,
பாம்பன்.