பொருள்: ட்ரில் பேட்டரிக்குள்ள ஒத்த செல் கெட்டதுக்கு புது ட்ரில் மெஷினே வாங்க சொல்றது பத்தின புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு வணக்கம்.

இதுக்கு முன்னாடி அனுப்புன மெயிலுக்கெல்லாம் உங்க கம்ப்யூட்டர் தான் பதில் போட்டுச்சு, இதையாவது மனுஷங்க யாராவது உக்காந்து படிங்க. பில் காப்பி, கம்ப்ளைன்ட் நம்பர், பேட்டரி போட்டோ எல்லாம் கூடவே வச்சிருக்கேன், அதனால மாடல் என்ன, எங்க வாங்குனீங்கன்னு முதல்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. அடியில தள்ளி மாட்டுற பேட்டரி வர்ற அந்த கார்ட்லெஸ் ட்ரில் தான், நீங்க தானே செஞ்சு வித்தீங்க, நான் சொல்லியா உங்களுக்கு தெரியணும்.

மெஷின்ல ஒரு குறையும் இல்ல, மோட்டார் நல்லா இருக்கு, பிட்ட புடிக்கிற சக் நல்லா இருக்கு. பேட்டரிய சார்ஜ்ல போட்டா செவப்பு லைட்டு மினுக் மினுக்குன்னு அடிச்சிட்டு அப்படியே நிக்குது, ஏறல. மெஷினுக்கு வாரண்டி ஒரு வருஷம், பேட்டரிக்கு மட்டும் ஆறு மாசம்னு அட்டைப்பெட்டிக்கு அடியில பொடி எழுத்துல போட்டிருக்கீங்க, அந்த ஆறு மாசம் முடிஞ்ச உடனே இப்படி ஆச்சு. சரி, வாரண்டி முடிஞ்சிருச்சு, காசு குடுத்தே சரி பண்ணிக்கலாம்னு தான் உங்க நம்பருக்கு போன் போட்டேன். இதுல என்ன தப்பு இருக்கு சொல்லுங்க.

அங்க தான் அந்த பையன் பேசுனது. பேரு கேட்டா சொல்ல மாட்டேன்னுட்டார், ஆனா உங்ககிட்ட கால் ரெக்கார்டிங் இருக்கும், போட்டு கேளுங்க. நான் என்ன சொன்னேன், "தம்பி, பேக் உள்ள ஒரு செல் டவுன் ஆயிருக்கும்னு நினைக்கிறேன், பேட்டரிய பாதுகாக்குற பி.எம்.எஸ் போர்டு கட் பண்ணுது, செல் மாத்தி தருவீங்களா"ன்னு மரியாதையா தான் கேட்டேன். அதுக்கு அவர், "மேடம், இது டெக்னிக்கல் விஷயம், வீட்ல சார் இருந்தா போனை குடுங்க"ன்னார். சார் இல்லைங்க, இருந்தாலும் அவருக்கு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் எது ஃப்ளாட் எது தெரியாது, எங்க வீட்ல மிக்ஸிக்கு கார்பன் பிரஷ் மாத்துறது, ஃபேன் கெப்பாசிட்டர் மாத்துறது, அயர்ன் பாக்ஸ் தெர்மோஸ்டாட் பாக்குறது எல்லாம் நான் தான்னு சொன்னேன். அவர் சிரிச்சாருங்க. சிரிச்சிட்டு "யூடியூப் பாத்து ரிப்பேர் பண்றவங்களுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பில்ல மேடம்"னு சொல்லி லைனை வச்சிட்டார். நான் அப்ப வரைக்கும் பேட்டரிய தொடக்கூட இல்ல!

அப்புறம் வேற யாரோ ஒரு பொண்ணு பேசுச்சு, அது நல்லா தான் பேசுச்சு, குறை சொல்ல மாட்டேன். மதுரை சர்வீஸ் சென்டருக்கு நேர்ல கொண்டு போங்க, சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தொறந்திருக்கும்னுச்சு. திண்டுக்கல்ல இருந்து பஸ் ஏறி ஆரப்பாளையத்துல இறங்கி, அங்க இருந்து ஆட்டோ புடிச்சு சிம்மக்கல் பக்கம் உங்க வெப்சைட்ல போட்டிருக்குற அட்ரஸுக்கு போனா ஷட்டர் சாத்தியிருக்கு, போர்டே இல்ல. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் தான் சொன்னார், "அவங்க காலி பண்ணி ரொம்ப நாளாச்சும்மா, வில்லாபுரம் போயிட்டாங்க, உங்கள மாதிரி தினமும் ரெண்டு பேர் வந்து என்கிட்ட தான் கேக்குறாங்க"ன்னு. அவருக்கு நீங்க சம்பளம் குடுக்கணும். அந்த வெயில்ல இன்னொரு ஆட்டோ புடிச்சு வில்லாபுரம் போனேன், அங்க போனா "பேட்டரியெல்லாம் நாங்க பாக்குறதில்ல மேடம், மெஷின் மட்டும் தான்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. இத போன்லயே சொல்லியிருக்க கூடாதா? இந்த ஒரு அலைச்சலுக்கே உங்க கம்பெனி மேல கேஸ் போடலாம், நிஜமா சொல்றேன்.

நடுவுல கொரியர் கதை ஒண்ணு இருக்கு, அத விட்டுட்டேன். சென்னைக்கு கொரியர்ல அனுப்புங்கன்னு எஸ்.எம்.எஸ் அனுப்புனீங்க. கொரியர் ஆபீஸ்ல பார்சல்ல என்னன்னு கேட்டாங்க, லித்தியம் பேட்டரின்னேன், தனி லித்தியம் பேட்டரி எடுக்க மாட்டோம், அதுவும் கெட்டுப்போனதுன்னா தொடவே மாட்டோம்னு திருப்பி குடுத்துட்டாங்க. அவங்க சொன்னது நியாயம், தீப்பிடிக்கிற சாமான். பேட்டரி விக்குற கம்பெனி உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இவ்வளவுக்கும் அப்புறம் தான் நானே பேட்டரிய தொறந்தேன். அதையும் சுலபமா தொறக்க முடியாதபடி ஸ்டிக்கருக்கு அடியில ஒரு ஸ்க்ரூவ ஒளிச்சு வச்சிருக்கீங்க, நடுவுல குச்சி நிக்கிற டார்க்ஸ் ஸ்க்ரூ, அதுக்கு தனியா பிட் வாங்க வேண்டியதா போச்சு. உள்ள 18650ன்னு சொல்ற, பென்சில் பேட்டரிய விட கொஞ்சம் பெரிய உருளை செல் அஞ்சு, ஒண்ணோட ஒண்ணு சேத்து சீரிஸ்ல இருக்கு. ஒரு செல் 3.6 வோல்ட், ஃபுல் சார்ஜ்ல 4.2, அஞ்சுக்கும் சேத்து 21. நீங்க பெட்டி மேல கொட்டை எழுத்துல 21 வோல்ட்னு போட்டது அந்த ஃபுல் சார்ஜ் கணக்கு தான், ஓடுறப்ப 18 தான் நிக்கும், அது போகட்டும், எல்லா கம்பெனியும் அப்படித்தான் போடுறான். மல்டிமீட்டர் வச்சு ஒவ்வொண்ணா பாத்தேன், நாலு செல் 3.8 கிட்ட ஜம்முனு இருக்கு, ஒண்ணு மட்டும் 1.6க்கு இறங்கி கிடக்கு. அந்த ஒண்ண பாத்து தான் போர்டு மொத்த பேக்கையும் கட் பண்ணுது. போர்டு செய்றது சரி தான், நான் போர்ட குத்தம் சொல்லல. ஆனா அந்த போர்டுல எல்லா செல்லையும் ஒரே வோல்ட்டுக்கு கொண்டு வந்து பேலன்ஸ் பண்ற ஏற்பாடே இல்லையே, பேலன்ஸ் இல்லாம மொத்தமா சார்ஜ் ஏத்துனா ஒரு செல் பின்தங்கிக்கிட்டே தான் போகும், இது டிசைன் போட்ட உங்க இன்ஜினியருக்கு தெரியாம இருக்காது. வாரண்டி ஏன் ஆறு மாசம்னு இப்ப புரியுது.

நல்ல பேட்டரியில இருந்து ஒயர் இழுத்து அந்த செல்ல தட்டி எழுப்புற வேலைய நான் பண்ணலைங்க. அவ்வளவு கீழ இறங்குன லித்தியம் செல் உள்ளுக்குள்ள கெட்டிருக்கும், மறுபடி சார்ஜ் ஏத்துனா ஷார்ட் ஆகி சூடேறலாம், மாத்துறது தான் முறை. அதுவும் சும்மா சால்டரிங் அயர்ன் வச்சு தேய்ச்சா செல்லுக்கு சூடு ஏறி கெட்டுப்போகும், நிக்கல் பட்டை வச்சு ஸ்பாட் வெல்டிங் பண்ணனும். அதுக்கு ஆள் இருக்காங்க, எங்க ஊர்லயே ஈ பைக் பேட்டரி கட்டுற பசங்க பண்ணி குடுப்பாங்க. எனக்கு வேண்டியது ஒரிஜினல் செல். வெளி மார்க்கெட்ல 9900 எம்.ஏ.ஹெச் கொள்ளளவுன்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்குறான், 18650 சைஸ்ல அதெல்லாம் நடக்கவே நடக்காது, பச்சை டூப். பவர் பேங்க் செல்ல போட்டா ட்ரில் இழுக்குற கரண்டுக்கு தாங்காது. அதனால தான் உங்ககிட்ட வந்து நிக்குறேன், என்ன செல் போட்டிருக்கீங்களோ அதையே குடுங்க, காசு தர்றேன்.

இத கேட்டதுக்கு வந்த பதில பாருங்க: ஸ்பேர் செல் விக்க மாட்டோம், போர்டு விக்க மாட்டோம், முழு பேட்டரி பேக் இந்த மாடலுக்கு நிறுத்திட்டோம், புது மாடல் பேட்டரி பழைய மெஷின்ல மாட்டாது, அதனால புது ட்ரில் வாங்குங்க, உங்களுக்காக 10 சதவீதம் டிஸ்கவுண்ட். குக்கர்ல கேஸ்கட் போச்சுன்னா குக்கரையே தூக்கிப்போட்டு புதுசு வாங்குவீங்களா உங்க வீட்ல? ஒரு வருஷம் கூட ஆகாத மெஷினுக்கு பேட்டரி கிடையாதுன்னா அத எதுக்கு வித்தீங்க.

வில்லாபுரத்துல ஒரு மெக்கானிக் அண்ணன் மட்டும் வெளிய வந்து மெதுவா சொன்னார், "செல் மாத்தினாலும் சில நேரம் போர்டு லாக் ஆயிருக்கும்மா, அத கம்பெனில தான் ரிலீஸ் பண்ணனும்"னு. உங்க ஆபீஸ்ல கேட்டா அப்படி ஒண்ணும் இல்லவே இல்லைங்குறாங்க. யாரு சொல்றது நெசம்னு எழுத்துல குடுங்க.

இன்னொண்ணு, இத படிச்சாவது வெக்கப்படுங்க. அப்ப பழைய பேட்டரிய என்ன பண்றதுன்னு கேட்டேன், "குப்பைல போட்டுருங்க மேடம்"னு சொன்னாங்க உங்க ஆளுங்க! பேட்டரி மேலயே நீங்க குப்பைத்தொட்டி படம் போட்டு குறுக்க கோடு கிழிச்சிருக்கீங்க. குப்பை வண்டியில அது நசுங்கி தீப்பிடிச்சா அந்த தூய்மை பணியாளர் கதி என்ன? 2022 பேட்டரி கழிவு விதிப்படி வித்த கம்பெனி தான் திரும்ப வாங்க ஏற்பாடு பண்ணனும், அது கூட தெரியாம தான் கஸ்டமர் கேர்ல உக்கார வச்சிருக்கீங்களா.

நஷ்டத்துக்கு வர்றேன். கிச்சன் ஷெல்ஃப் பாதியில நின்னு போச்சு, மூத்தவ காலேஜ் லீவுக்கு வர்றதுக்குள்ள அவ ரூம்ல கர்ட்டன் ராடு மாட்டணும்னு வச்சிருந்தேன், அதுவும் போச்சு. வேற வழியில்லாம கார்பென்டர கூப்பிட்டேன், அவர் ஒரு நாள் கூலி வாங்கிட்டு சுவத்து டைல்ஸ்ல ஓட்டை போடுறேன்னு ரெண்டு டைல்ஸ விரிசல் விட்டுட்டார். அதே டிசைன் இப்ப கடையில இல்ல, அப்ப அந்த சுவரு முழுக்க புதுசா ஒட்டணும். பஸ் செலவு, ஆட்டோ செலவு, என் பிரஷர் மாத்திரை, மன உளைச்சல் எல்லாம் சேத்தா அறுபதாயிரத்துக்கு குறையாது. ட்ரில் விலை ஆறாயிரத்து சொச்சம் தானேன்னு கேக்காதீங்க, உங்களால தானே இவ்வளவும்.

நான் சண்டைக்கு வரலைங்க, பொறுமையா தான் கேக்குறேன். மூணுல ஏதாவது ஒண்ணு பண்ணுங்க: அந்த செல்ல மாத்தி போர்டு லாக் எடுத்து குடுங்க, இல்ல அதே மாடல் பேட்டரி பேக் எங்கயாவது கிடங்குல இருந்தா நியாய விலைக்கு குடுங்க, ரெண்டும் முடியாதுன்னா மெஷின எடுத்துக்கிட்டு பணத்த திருப்பி குடுங்க. அதோட அந்த பையன் எனக்கு போன் பண்ணி மன்னிப்பு கேக்கணும். இது ரொம்ப முக்கியம், மத்தத கூட அப்புறம் பாக்கலாம்.

இந்த மாசத்துக்குள்ள பதில் வரலைன்னா முதல்ல 1915-க்கு போட்டு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணிடுவேன். அதுக்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், குடுத்த விலை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமும் கிடையாது, வக்கீல் வைக்கணும்னும் இல்ல, நானே பேசிக்குவேன். நீங்க தான் சென்னையில இருந்து வாய்தாவுக்கு வாய்தா திண்டுக்கல் பஸ் ஏறணும், அப்ப தெரியும் அலைச்சல்னா என்னன்னு. ரைட் டு ரிப்பேர்னு மத்திய அரசு 2022-லயே கமிட்டி போட்டு அதுக்குன்னு ஒரு போர்ட்டலும் ஆரம்பிச்சிருக்கு, வீட்டு சாதனங்களும் அதுல வருது, அதையும் மனுவுல எழுதுவேன்.

தயவு செஞ்சு அந்த அளவுக்கு கொண்டு போகாதீங்க. போன் பண்றதா இருந்தா மத்தியானம் 2 மணிக்கு மேல பண்ணுங்க.

இப்படிக்கு,
திண்டுக்கல்ல இருந்து உங்க வாடிக்கையாளர்

பி.கு: சார்ஜர் போயிருக்கும் மேடம்னு அடுத்த கதைய ஆரம்பிக்க வேணாம். மீட்டர் வச்சு பாத்துட்டேன், 21 வோல்ட் சுத்தமா வருது, அந்த போட்டோவும் இதோட இருக்கு.