ஆசிரியர்களின் தொண்டைக்கட்டு: முதலில் குரல்நாணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி திறந்து சில வாரங்களில் ஆசிரியர்கள் பலருக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. சளி என்று நினைத்து, மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறார்கள். தொண்டைக்குள் அதிர்ந்து குரலை எழுப்பும் இரு மடிப்புகளான குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதித் தடித்துப்போனதால் வந்த கரகரப்பு அதற்குக் கட்டுப்படாது.

பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை சேர்ந்து பிரிகின்றன. ஆண்களுக்கு 100 முதல் 130 முறை. மின்விசிறி இரைச்சலையும் நாற்பது பிள்ளைகளின் சத்தத்தையும் மீறிக் கத்தினால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும். நாணின் நீளத்தில் முன்புறமிருந்து மூன்றில் ஒரு பங்கு முடிகிற இடத்தில்தான் அடி அதிகம். அங்கே இரு நாண்களிலும் எதிரெதிரே, உள்ளங்கையில் காய்ப்பு ஏறுவதுபோல முடிச்சு விழுகிறது. அதனால் நாண்கள் முழுதாக மூடாமல் காற்று கசியும். அதை ஈடுகட்ட இன்னும் அழுத்திப் பேசுவார்கள். முடிச்சு மேலும் தடிக்கும்.

பாலிப் என்ற இன்னொரு வகை வீக்கம் அப்படியல்ல. ஒரே ஒரு நாள் தொண்டை கிழியக் கத்தினாலும் ரத்தக்குழாய் வெடித்து, பெரும்பாலும் ஒரு பக்க நாணில் மட்டும் கொப்புளம்போல எழலாம். ரத்தம் எளிதில் உறையவிடாத ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வயிற்று அமிலம் மேலேறி வந்தாலோ, அறுவை சிகிச்சையின்போது செருகிய சுவாசக் குழாய் உரசினாலோ நாணின் பின்முனையில் சதை வளரும். எச்பிவி வைரஸின் 6, 11 வகைகள் மரு போன்ற வளர்ச்சியைத் தரும். புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் அச்சமும் உண்டு.

எல்லாவற்றுக்கும் வெளியே தெரிவது கரகரப்புதான். குரலை மட்டும் கேட்டு எது என்று சொல்லிவிட முடியாது. நான்கு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைக் கேமராக் குழாய் மூலம் பார்த்துவிட வேண்டும். சில நிமிட வேலை, மயக்க மருந்து வேண்டாம். புகைப்பவர்களும், கழுத்தில் கட்டியோ விழுங்கும்போது வலியோ உள்ளவர்களும் அதுவரை காத்திருக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் அன்றே போக வேண்டும்.

முடிச்சு என்று தெரிந்தால் உடனே அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் சில வாரம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தாலே பலருக்குக் குறைகிறது. ஒரு பயிற்சி: உறிஞ்சுகுழலின் நுனியைத் தண்ணீருக்குள் 2 செ.மீ. அளவு வைத்து, 'ஊ' என்று ஒலித்தபடி குமிழி விடுவது. திரும்பி வரும் காற்றழுத்தம் நாண்களைப் பலமாக மோதவிடாமல் மெதுவாக அதிரவைக்கும். தொண்டையைச் செருமுவதை விடுங்கள். அதுவும் நாண்களுக்கு அடிதான். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு அல்ல, பலர் அப்போதும் தொண்டையை இறுக்குகிறார்கள். குடிக்கும் நீர் உணவுக்குழாயில் இறங்குமே தவிர நாணைத் தொடாது. உடலில் நீர்ச்சத்து இருந்தால்தான் நாணின் மேல்படலம் ஈரமாக இருக்கும் என்பதால், தொண்டை கட்டிய பிறகு குடிப்பதைவிட நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடிப்பதே பயன் தரும்.

நெரிசலான வகுப்பறைகளில் இடுப்பில் மாட்டும் சிறு ஒலிபெருக்கி இருந்தால் ஆசிரியர் கத்த வேண்டியிருக்காது. கரும்பலகை, சுண்ணக்கட்டி வாங்கித் தருவதுபோல இதையும் பள்ளி நிர்வாகங்களே வாங்கித் தர வேண்டும்.

இப்படிக்கு,
காது மூக்கு தொண்டை மருத்துவர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் சிலர்