போண்டாவும் அப்பாவும்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மக்கா,

நேற்று நீ லேப்ரடார் நாய்க்குட்டி வாங்கலாமா என்று போன் பண்ணினபோது ஆபீஸில் எதிரே ஆள் உட்கார்ந்திருந்தார். "தாராளமா வாங்குலே" என்று சொல்லி வைத்துவிட்டேன். லேப்ரடார் வளர்ப்பது அப்படி அரை நிமிஷத்தில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை. பாப்பா ஏற்கெனவே குட்டியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டாள் என்றாய். இனி உன் பேச்சு வீட்டில் எடுபடாது. அதனால் குட்டி வருவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் தங்கச்சிக்கு முட்டுவலி பரவாயில்லை. சின்னவளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. சங்கரன் பையனுக்கு இன்னும் பெண் அமையவில்லை. ஜாதகத்தைவிட சங்கரன்தான் தடை என்று நீ அன்றைக்கே சொன்னாய். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குட்டிக்குப் பேர் போண்டா. அதன் நிறத்தைப் பார்த்துச் சின்னவள் வைத்த பேர். ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் போண்டாவால் நமக்கு நடந்தது அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. நீ வரும்போது அவள் முன்னால் சிரித்துத் தொலைக்காதே.

முதலில், குட்டிக்கு எட்டு வாரம் ஆகிவிட்டதா என்று கேள். 2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி அதற்கு முன் விற்கவே கூடாது. விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். சட்டத்தை விடு. தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் உருண்டு புரளும் அந்த வாரங்களில்தான், எவ்வளவு பலமாகக் கடித்தால் அடுத்தவனுக்கு வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. முன்னாலேயே பிரித்துக் கொண்டுவந்தால் அந்தப் பாடத்தைப் பாப்பாவின் கையில்தான் படிக்கும். தாய் நாயை நேரில் பார். காட்ட மாட்டேன் என்கிற ஆளிடம் வாங்காதே. தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடு. இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது உண்டு.

தடுப்பூசி விஷயத்தில் நீ சாக்குச் சொல்லக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். அதெல்லாம் முடிகிறவரை உங்கள் குடியிருப்புக்குக் கீழே இருக்கிற புல்வெளியில் குட்டியை இறக்கிவிடாதே. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வந்துவிட்டால் வாந்தியும் ரத்தபேதியுமாக இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதே. பன்னிரண்டு, பதினான்கு வாரத்துக்குள் எதையெல்லாம் பயமில்லாமல் பார்த்துப் பழகுகிறதோ, பிற்பாடும் அதற்கெல்லாம் அவ்வளவாகப் பயப்படாது. தோளில் தூக்கிக்கொண்டு போ. பஸ், ஆட்டோ, ஹெல்மெட் போட்ட ஆள், மிக்ஸி சத்தம், கோயில் மேளம், எல்லாம் காட்டு. தீபாவளிக்கு அதன் அருமை தெரியும்.

நீ கோவில்பட்டிக்காரன். உங்க அய்யா தோட்டத்துக் கன்னி நாயை மனசில் வைத்துக்கொண்டு இதை எடை போடுவாய், எனக்குத் தெரியும். கன்னியும் சிப்பிப்பாறையும் கரிசல் காட்டு வெயிலில் முயலை விரட்டிப் பிடிக்கவே பிறந்த சாதி. கிடைத்த கூழைக் குடித்துவிட்டு வயிறு ஒட்டிக் கிடக்கும். லேப்ரடாரோ கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களோடு குளிர்ந்த தண்ணீரில் குதித்து வலையிலிருந்து நழுவிய மீனைக் கவ்விக்கொண்டு வந்த நாய்களின் வாரிசு. விரலிடுக்கில் சவ்வு, தண்ணீர் இறங்காத இரட்டை ரோமம். இங்கிலாந்துக்குப் போய் 1903-ல் அங்கே தனி இனமாகப் பதிவானது. வாயில் எதையாவது கவ்விக்கொண்டு வருவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. செருப்பைத் தூக்கினால் அடிக்காதே; விரட்டிப் பிடுங்கவும் செய்யாதே, விளையாட்டு என்று நினைத்துக்கொள்ளும். கயிற்றுப் பொம்மை ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள். நாலாம் மாதத்திலிருந்து பல் விழுந்து முளைக்கும், அப்போது ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீஸரில் வைத்துக் கொடு. வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று ரோமத்தை மழித்தும் விடாதே. வெயில் நேரே தோலில் இறங்கும். அதற்குப் பதில் விடியுமுன் நடத்திவிட்டு வா.

ஒன்றுக்கு, இரண்டுக்குப் பழக்குவது நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடிந்ததும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்து. போனதும் பாராட்டு. உள்ளே போய்விட்டால் துடைத்துவிட்டு வேலையைப் பார். மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்க்கச் சொல்லி உங்கள் மாடியில் யாராவது யோசனை சொன்னால் கேட்காதே.

இதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் பேனா எடுத்தது சாப்பாட்டுக்காக.

அம்மா போன பிறகு அப்பா எப்படி இருந்தார் என்று நீ வந்து பார்த்தாய். போண்டா வந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. எங்க அப்பாவின் பாசம் உனக்குத் தெரியாததா? ஹாஸ்டலிலிருந்து நாம் வந்து இறங்கினால் "சாப்பிட்டியாப்பா" என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாரா? உனக்கு ஆறாவது தோசை வைத்துவிட்டு ஏழாவதுக்கு மாவு ஊற்றச் சொன்ன மனுஷன். அதே பாசம் போண்டாவிடம் திரும்பியது. அவர் தட்டிலிருந்து இட்லி, சாயங்காலம் பிஸ்கட், மத்தியானம் தயிர்சாதம், இதெல்லாம் அதன் சொந்தச் சாப்பாட்டுக்கு மேலே. வேலைக்கு வருகிற அக்கா தன் பங்குக்கு ஒரு முறுக்கு. எதிர்வீட்டு மாமி கோயில் பிரசாதம். சர்க்கரைப் பொங்கலில் திராட்சை கிடக்கும். உலர்ந்த திராட்சை கொஞ்சம் தின்றால்கூட நாய்க்குச் சிறுநீரகம் கெடலாம் என்று மாமிக்கு யார் சொல்வது? வெங்காயமும் ஆகாது, சாக்லேட்டும் ஆகாது, வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். போண்டாவோ ஒவ்வொருவர் முன்னாலும் போய், இப்போதுதான் பட்டினி முகாமிலிருந்து வந்த மாதிரி உட்கார்ந்து பார்க்கும். யாருக்கு மனசு வராது?

ஐந்தாம் மாதத்தில் முன்னங்காலை ஊன்றாமல் நொண்ட ஆரம்பித்தது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், எக்ஸ்ரேக்கு முன்னால் அதன் விலாவில் கை வைத்துத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்துக் காட்டினார். விரலை மடக்கினால் முட்டி எலும்பு தட்டுப்படுகிறதே, விலா அப்படித் தட்டுப்பட்டால் நாய் ஒல்லி. கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு மெல்லத் தெரிகிறதே, அது சரியான உடம்பு. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. போண்டாவின் விலா உள்ளங்கையாக இருந்தது, மக்கா. வளர்கிற எலும்பு தாங்குகிறதற்கு மேல் எடை, அதோடு எங்கள் வீட்டு வழவழ டைல்ஸ். கூடவே யாரோ சொன்னார்கள் என்று அப்பா ஊற்றிக்கொண்டிருந்த கால்சியம் டானிக். பெரிய இனக் குட்டிகளுக்குக் குட்டித் தீவனத்திலேயே போதுமான கால்சியம் இருக்கிறது; மேற்கொண்டு கொடுத்தால் எலும்பு வளர்ச்சியே கெடும் என்று அதை நிறுத்தச் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொன்று என்னை உலுக்கிவிட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி, 2016-ல் வந்தது. லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்கிற வேலையில் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. அப்படியானால் பல லேப்ரடார்களின் பசி நடிப்பே இல்லை. அதற்கு நிஜமாகவே பசிக்கிறது. இன்னும் கேள்: மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய லேப்ரடார்களைச் சோதித்தபோது நாலில் மூன்றுக்கு அந்தக் குறை இருந்தது. தீனிக்கு ஆசைப்படுகிற நாய் சீக்கிரம் கற்கும், அதனால் அதுகளையே தேர்ந்தெடுத்திருக்கலாம் என்பது அவர்கள் யூகம். நாம் "என்ன புத்திசாலி" என்று கொஞ்சுகிற குணமும் ஓயாத பசியும் ஒரே வேரிலிருந்து வருகிறதோ என்று நினைத்தால் எனக்கு மனசு கனத்துவிட்டது. தன் பசியைத் தானே நிறுத்தத் தெரியாத ஜீவனுக்கு நாம்தான் நிறுத்திக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2002-ல் வெளியான இன்னொரு ஆய்வு. ஒரே ஈற்றில் பிறந்த லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுப்பதில் கால்பங்கு குறைத்தே மற்றதற்குக் கடைசிவரை கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. பத்துப் பதிமூன்று வருஷம் வாழ்கிற ஜீவனுக்கு இரண்டு வருஷம் எவ்வளவு பெரிசு! வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நான் குடுக்கறது அதுக்கு ஆயுசைக் குறைக்குதாடே?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொடுக்காதீர்கள் என்று அவரிடம் சொல்ல முடியாது. கொடுப்பதுதான் அவருக்குத் தெரிந்த பேச்சு. அதனால் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். காலையில் அன்றைய மொத்தத் தீவனத்தையும் தராசில் நிறுத்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுகிறோம். மாமியோ, அக்காவோ, சின்னவளோ, யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. கிண்ணத்தில் கொட்டி வைப்பது கிடையாது. பாதிக்கு மேல் போண்டா சம்பாதித்துத்தான் தின்ன வேண்டும்.

நீ வந்து பார்க்க வேண்டும். அப்பா வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு உருண்டையை எடுத்துக் கைக்குள் மூடிக்கொள்வார். போண்டா மூக்கால் முட்டும், விரலிடுக்கை நக்கும், முன்னங்காலால் பிராண்டும், ஒரு சின்ன அதட்டல் குரைப்பு வரும். அவர் அசையவே மாட்டார். கடைசியில் அது இரண்டடி பின்னால் போய், பின்பக்கத்தைத் தரையில் வைத்து, கையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கும். அதே நொடி கை திறக்கும், "சபாஷ்" என்பார். ஒரு அதட்டல் இல்லை, கழுத்துப்பட்டையில் ஒரு இழுப்பு இல்லை. இப்படித்தான் "உட்காரு", "இரு", "வா" எல்லாம் படிந்தது. இப்போது கேட் திறந்திருந்தாலும் அப்பா "இரு" என்றால் வாசற்படியில் நிற்கும். ஊருக்கே கணக்கு வாத்தியாராக இருந்தவர், மறுபடி ஒரு மாணவன் கிடைத்துவிட்டான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பாடம் சொல்கிறார். மாமிக்கும் சொல்லிவிட்டார், மாமி கேட்டுக்கொண்டார்!

நொண்டல் நின்றுவிட்டது. ஹாலில் கயிற்றுப்பாய் விரித்திருக்கிறோம். மாடிப்படி இப்போதைக்கு இல்லை. நீயும் அந்த மூன்றாம் மாடிக்கு லிஃப்டிலோ கையிலோதான் தூக்கிப் போக வேண்டும், சொல்லிவிட்டேன்.

உன் வீட்டில் யார் கொடுப்பார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். அத்தை ஓசூரில் உங்களோடுதானே இருக்கிறார்கள்? அவர்களிடமே டப்பாவைக் கொடு. தடுத்தால் மறைத்துக் கொடுப்பார்கள், பொறுப்பைக் கொடுத்தால் கணக்காக இருப்பார்கள். ஒரு கட்டளைக்கு எல்லோரும் ஒரே வார்த்தை என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீ "வா", பாப்பா "கம்", அத்தை "இங்க வாடி தங்கம்" என்றால் அது யாரிடமும் வராது. சொல்லிக்கொடுப்பது ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். குட்டி நாளில் முக்கால்வாசி நேரம் தூங்க வேண்டும். தூங்குகிறதை எழுப்பி விளையாடப் பாப்பாவை விடாதே.

கொண்டுவருகிற அன்று புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் தீனி எதுவும் வேண்டாம், காரில் வாந்தி எடுக்கும். தாய் படுத்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து ராத்திரி பக்கத்தில் போடு. அழும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே குட்டி படுக்கிற பெட்டியை வைத்துப் படுத்துக்கொண்டு கையைத் தொங்கவிடு, தனியாக பால்கனியில் விடாதே. விற்றவரிடம் ஏற்கெனவே என்ன தீவனம் தின்றதோ அதையே கொஞ்ச நாள் கொடுத்து, மெல்ல மெல்ல மாற்று. பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும்.

முதல் ஊசி போடப் போகும்போதே எடையும் பார்த்து எனக்கு அனுப்பு. அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார், எடை எழுதுகிற நோட்டில் போண்டாவுக்குப் பக்கத்தில் உன் குட்டிக்கும் ஒரு பத்தி போட்டு வைத்திருக்கிறார். பேர் மட்டும் சீக்கிரம் சொல்லுங்கள்.

அன்புடன்,
மணி