அந்தக் கப்பல் கரை சேர்ந்திருந்தால்?

ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அயர்லாந்தின் 1916 ஈஸ்டர் எழுச்சி பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை, முதல் உலகப்போர் நடக்கும்போதே அந்த நாடு விடுதலை பெற்றிருக்கலாம் என்று சொல்கிறது. எனக்கும் ரொம்பப் பிடித்த கேள்விதான், ஆனால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

எழுச்சிக்காரர்களுக்காக ஜெர்மனி அனுப்பிய ஆட் என்ற கப்பலில் 20,000 துப்பாக்கிகள் இருந்தன. இறக்கும் தேதியை டப்ளினில் இருந்த எழுச்சித் தலைவர்கள் மாற்றினார்கள், கப்பலில் வானொலி இல்லாததால் சேதியே போகவில்லை, தென்மேற்கில் கெர்ரி மாவட்டத்து டிராலி விரிகுடாவில் வரவேற்க ஆளில்லாமல் நின்று, கடைசியில் பிரிட்டிஷ் கடற்படையிடம் மாட்டி, கேப்டனே அதை மூழ்கடித்தார். ஆயுதம் போனது தெரிந்ததும் ஐரிஷ் தொண்டர் படையின் தலைவர் மக்நீல் எழுச்சியை ரத்து செய்ய, திங்கட்கிழமை சண்டைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

சரி, துப்பாக்கிகள் இறங்கியிருந்தால்? கெர்ரியிலும் லிமெரிக்கிலும் சண்டை மாதக்கணக்கில் நீண்டிருக்கும். ஆனாலும் வென்றிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை, கடல் பிரிட்டன் கையில் இருந்தது, அப்புறம் மக்கள் ஆதரவும் அப்போது இல்லை, மே மாதம் எழுச்சித் தலைவர்களைப் பிரிட்டிஷார் சுட்டுக் கொன்ற பிறகுதான் மனம் மாறியது.

என் கணக்கில் உண்மையான வாய்ப்பு 1918 ஏப்ரல். கட்டாய ராணுவச் சேர்ப்புக்கு எதிராகப் பொது வேலைநிறுத்தம், கத்தோலிக்க ஆயர்களும் கூடவே நின்றார்கள், பிரான்சில் ஜெர்மானியத் தாக்குதல் உச்சத்தில். லண்டன் அந்தச் சட்டத்தை அங்கே பலவந்தமாக அமல்படுத்தியிருந்தால் போர் முடியும் முன்பே டப்ளினில் தனி அரசு உட்கார்ந்திருக்கும். அப்போதும், பிரிட்டனோடு இருக்கவே விரும்பியவர்கள் நிறைந்த வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் பிரிவினைச் சிக்கல் தீர்ந்திருக்காது, கட்டுரை அதைத் தொடவே இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்